எப்போதும் சமமா, எப்போதாவது சமமா?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா தொலைபேசியில் கேட்டபோது, "சீனி வருத்தம், பிரஷர், ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொல்லுங்க தங்கச்சி" என்றார். அவற்றைப் பற்றி நான் தினமும் பேசுகிறேன். இந்த மண்டபத்தில் நிற்கும்போது எனக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் நடந்த சில கணித பாடங்களைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நித்திரை வராமப் பேசுங்க" என்று சொல்லி அனுமதி தந்தார். முயற்சி செய்கிறேன்.

அந்தப் பாடம் எங்கள் வீட்டில்தான் தொடங்கியது. பெரகலவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக் கடைசிக் காம்பரா எங்களுடையது. அம்மா கொழுந்து எடுக்கிறவர். அந்த நாளில் காலை, பகல், மாலை என்று மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று ஒவ்வொரு தடவையும் 2 கிலோ கழிப்பார்கள். முழுப் பேர் விழ 18 கிலோ வேண்டும். குறைந்தால் அரைப் பேர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொற்களை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பேர் என்றால் அன்றைய நாட்சம்பளம்.

ஒரு மழை நாளில் அம்மாவுக்கு 7, 9, 6 என்று கொழுந்து வந்தது. மொத்தம் 22. வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு அரைப் பேர்தான்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "22 கிலோம்மா. ரெண்டு கழிச்சா இருவது. முழுப் பேர்தானே போடணும்? அவங்க கள்ளக் கணக்கு எழுதிட்டாங்க" என்று குதித்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "மூணு தடவ நிறுக்கிறாங்க புள்ள. மூணு தடவயும் கழிப்பாங்க. ஆறு போச்சு. மிச்சம் பதினாறு."

மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர் அம்மா. அடைப்பு நீக்குவதில் நான் விட்ட பிழையை அவர் அடுப்படியில் திருத்தினார். அது அடைப்பு நீக்கும் கணக்கு என்பது எனக்கு அன்று தெரியவில்லை. அடுத்த கிழமைதான் தெரிந்தது.

அந்த வருடம் எங்களுக்குப் புதிதாக ஒரு கணித டீச்சர் வந்திருந்தார். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று வந்த இளம் ஆசிரியை. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அதனால் டீச்சர் என்றே சொல்கிறேன். வகுப்பில் நான் வீட்டுக் கதையைச் சொன்னதும், அவர் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுதினார். காலையில் நிறுத்த கிலோவுக்கு 'கா', பகலுக்கு 'ப', மாலைக்கு 'மா'.

(கா − 2) + (ப − 2) + (மா − 2)
கா + ப + மா − 6

"இந்த இரண்டும் ஒன்றா?" என்று கேட்டார். அம்மாவின் எண்களைப் போட்டுப் பார்த்தோம். இரண்டிலும் 16. வேறு வீட்டு அம்மாக்களின் எண்களையும் போட்டோம். எல்லாவற்றிலும் ஒன்றுதான். பிறகு என் கணக்கைப் பக்கத்தில் எழுதினார்: கா + ப + மா − 2. ஒரே தடவையாக நிறுத்திருந்தால் அம்மாவுக்கு வந்திருக்கக்கூடிய கிலோ அது. "இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு?" 4. "நிறைய எடுத்த நாளிலும் 4 தானா? குறைய எடுத்த நாளிலும் 4 தானா?" ஆம். எழுத்துகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போய்விட்டன. 4 மட்டும் மிஞ்சியது. மூன்று தடவை நிறுப்பதனாலேயே ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு நாளும் 4 கிலோ கூடுதலாக இழக்கிறார் என்பது வகுப்புக்கு விளங்கியது. யாரும் பேசவில்லை. நாற்பது பிள்ளைகளில் முப்பது பேருக்குக் கொழுந்து எடுக்கிற அம்மா.

இன்னொன்றையும் டீச்சர் அன்றே சொன்னார். "கா என்பது காலை இல்லை, கொழுந்தும் இல்லை. காலையில் எத்தனை கிலோ என்கிற எண்." சின்ன விஷயம் போலத் தெரியும். எழுத்தை ஒரு பொருளின் பெயர் என்று நினைக்கிற பிள்ளை பின்னால் தடுக்கி விழும். எழுத்து ஓர் எண்ணின் இடத்தில் நிற்கிறது என்று விளங்கிய பிள்ளைக்கு அட்சரகணிதம் பாதி விளங்கிவிட்டது.

அடுத்த நாள் டீச்சர் சமன் குறியைப் பற்றிக் கேட்டார். பலகையில் 8 + 4 = ___ + 5 என்று எழுதி, இடைவெளியில் என்ன வரும் என்றார். நான் உட்படப் பாதி வகுப்பு 12 என்றோம். சிலர் 17 என்றார்கள். சரியான விடை 7. வெட்கப்பட வேண்டாம்: அமெரிக்காவில் 1990களில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் இதே கணக்கைக் கொடுத்தபோது, அங்கும் பெரும்பாலான பிள்ளைகள் 12 அல்லது 17 என்றுதான் எழுதினார்கள். காரணம் ஒன்றுதான். முதலாம் வகுப்பிலிருந்து சமன் குறியை "இனி விடையை எழுது" என்கிற கட்டளையாகவே பழகிவிடுகிறோம். 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12 என்று ஒரே வரியில் ஓட்டி எழுதுகிறோமே, அதுவும் இதே பழக்கந்தான். அந்த வரியை அப்படியே வாசித்தால் 5 + 3 உம் 12 உம் சமம் என்றாகிவிடும்.

இந்தக் குறி எங்கிருந்து வந்தது என்பதை நான் பல வருடங்களுக்குப் பிறகு வாசித்தேன். 1557 இல் அச்சான ஒரு நூலில் ரொபர்ட் ரெக்கோர்ட் என்பவர் முதன்முதலாக அதைப் பயன்படுத்தினார். "சமம்" என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு சமாந்தரக் கோடுகளைப் போட்டார். அவை இரண்டையும்விட ஒன்றுக்கொன்று சமமான வேறு இரண்டு பொருள்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அவர் தொழிலால் ஒரு வைத்தியர். அதை வாசித்த அன்று எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

இனி, என் பக்கத்து வாங்கில் இருந்த தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். டீச்சர் 2க + 3 என்று எழுதி, "இதை இன்னும் சுருக்கலாமா?" என்றார். தோழி எழுந்து, "5க டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் அசையவில்லை. "நான் க வுக்கு 1 போட்டுப் பார்த்தேன் டீச்சர். இதிலும் 5, அதிலும் 5. சரி வருது" என்றாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "2 போடம்மா" என்றார். ஒரு பக்கம் 7, மறுபக்கம் 10. "0 போடு." ஒரு பக்கம் 3, மறுபக்கம் 0. பிறகு சொன்னதைத்தான் நான் இன்றும் மறக்கவில்லை. "நீ கண்டுபிடிச்சது வீண் இல்லம்மா. 2க + 3 = 5க என்பது ஒரு சமன்பாடு. க 1 ஆக இருக்கிறப்போ மட்டும் அது உண்மை. நீ அதைத் தீர்த்துட்ட. நான் கேட்டது வேற. எப்போதும் சமமா இருக்கிற ஒன்றைக் கேட்டேன்."

பலகையை மூன்றாகப் பிரித்தார். எப்போதும் சமம், எப்போதாவது சமம், ஒருபோதும் சமமில்லை. முதலாவதில் 3(க − 2) = 3க − 6 என்று எழுதினார். க வுக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் பொருந்தும். இப்படிப்பட்ட இரண்டு கோவைகளைத்தான் சமவலுக் கோவைகள் என்கிறோம். இரண்டாவதில் தோழியின் 2க + 3 = 5க. மூன்றாவதில் க + 3 = க + 5. அன்றிலிருந்து எந்தக் கணக்கு வந்தாலும் அது எந்தப் பகுதிக்குரியது என்று முதலில் கேட்போம்.

ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். பிழையைப் பிடிக்க ஒரு எண்ணே போதும். சரி என்று நிரூபிக்க அது போதாது. அதிலும் 0, 1, 2 போன்ற எண்கள் ஏமாற்றக்கூடியவை. க² ஐயும் 2க ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். 0 போட்டாலும் சமம், 2 போட்டாலும் சமம். 3 போட்டால் 9 உம் 6 உம். வர்க்கமோ அதற்கு மேற்பட்ட அடுக்கோ இல்லாத, க வை மட்டும் கொண்ட நேர்கோட்டுக் கோவைகள் இரண்டு என்றால், வெவ்வேறான இரண்டு எண்களுக்குப் பொருந்தினால் போதும், எல்லா எண்ணுக்கும் பொருந்தும். இரண்டு புள்ளிகளுக்கூடாக ஒரு நேர்கோடுதான் போகும், அதனால்தான். பரீட்சை மண்டபத்தில் விடையைச் சரிபார்க்க இது உதவும், பிள்ளைகளே.

சமன்பாட்டுக்கு வருவோம். டீச்சர் அப்புத்தளையில் ஒரு கடையில் தட்டுத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இடது தட்டில் இரண்டு நெருப்புப் பெட்டிகள். அவற்றுள் ஒரே எண்ணிக்கையில் ஒரு ரூபாய்க் குற்றிகள். பக்கத்தில் மூன்று குற்றிகள் வெளியே. வலது தட்டில் 11 குற்றிகள், அவற்றோடு இரண்டு வெறும் நெருப்புப் பெட்டிகள். "வெறும் பெட்டி எதுக்கு டீச்சர்?" என்றோம். "பெட்டிக்கும் நிறை இருக்கே. சாக்குக்குக் கழிக்கிறாங்களே, அது மாதிரி" என்றார். தராசு நேராக நின்றது.

2க + 3 = 11. இரண்டு தட்டிலிருந்தும் மூன்று குற்றிகளை எடுத்தார். 2க = 8. பெட்டிக்கு இவ்வளவு என்று சரிபாதியாகப் பிரித்தார். க = 4. பெட்டியைத் திறந்தால் நான்கு குற்றிகள். ஒவ்வொரு தடவையும் தராசு நேராகவே நின்றது. "மூன்று வரி எழுதினோம். பெட்டிக்குள்ள இருந்த குற்றி மாறிச்சா?" இல்லை. அதுதான் சமவலுச் சமன்பாடுகள். வரி மாறும், தீர்வு மாறாது.

"மறுபக்கம் போனால் குறி மாறும்" என்று பாடமாக்கிய பிள்ளைக்கு அது மந்திரம் மாதிரி. தராசைப் பார்த்த பிள்ளைக்கு எதுவும் மறுபக்கம் போகவில்லை என்பது தெரியும். இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். எதைச் செய்யக்கூடாது என்பதும் அப்போது விளங்கும். க² = 3க என்ற சமன்பாட்டை இரண்டு பக்கமும் க வால் வகுத்தால் க = 3 என்று மட்டும் வரும். க = 0 என்ற தீர்வு தொலைந்துபோகும். க பூச்சியமாகவும் இருக்கலாம், பூச்சியத்தால் வகுக்க முடியாது. இரண்டு பக்கத்தையும் வர்க்கித்தால் இல்லாத தீர்வு உள்ளே வந்துவிடும். க = 3 என்பது க² = 9 ஆகும்போது −3 உம் சேர்ந்துகொள்கிறது.

கோவைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வேறுபாடும் தராசில்தான் தெரிந்தது. "2க + 4 ஐச் சுருக்குக" என்றால், க + 2 என்று எழுதுகிற பிள்ளைகள் இன்றும் நிறையப் பேர். சமன்பாடாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் பாதியாக்கலாம். கோவைக்கு மறு தட்டு கிடையாது. பாதியாக்கினால் அது வேறொன்று. அம்மாவின் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டு, "சுருக்கிட்டேன்" என்று சொல்வது போல.

அல்ஜிப்ரா என்ற சொல்லே இந்தத் தராசு வேலையிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று அல் ஜப்ர்: ஒரு பக்கத்தில் கழிபட்டு நிற்பதை இரு பக்கமும் கூட்டிச் சீர்செய்வது. மற்றது அல் முகாபலா: இரு பக்கத்திலும் உள்ள ஒரே வகை உறுப்புகளை ஒன்றுக்கொன்று ஈடாக நீக்குவது. ஜப்ர் என்றால் உடைந்ததைச் சேர்த்துவைத்தல் என்றும் பொருள். அந்தச் சொல் ஸ்பெயினுக்குப் போனபோது, அல்ஜிபிரிஸ்டா என்பது எலும்பு முறிவு வைத்தியரின் பெயராகவும் வழங்கியது. எங்கள் ஊரில் முறிவுக்குக் கட்டுப் போடுகிற பரியாரியாரும் ஒரு வகையில் அட்சரகணிதக்காரர்தான்.

ஒன்றையே ஏன் இரண்டு விதமாக எழுத வேண்டும் என்று தோழி கேட்டாள். டீச்சர் ஜன்னல் வழியே கையைக் காட்டினார். பெரகல சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை வழியாகக் கும்பல்வெலவுக்குப் போகிறது. மற்றது கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய, எல்ல என்று இறங்கி ஏறி, அதே கும்பல்வெலச் சந்தியில் வந்து சேர்கிறது. அங்கிருந்து பதுளைக்கு ஒரே பாதை. "பதுளை ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போறவங்க எந்த வழியில போவாங்க? வெல்லவாயவில சொந்தக்காரங்களைப் பார்த்துட்டுப் போறவங்க?" சேருமிடம் ஒன்று, வழியில் கிடைப்பது வேறு. க² − 5க + 6 என்று எழுதினால், க பூச்சியமாகும்போது கோவை 6 ஆகும் என்பது பார்த்தவுடன் தெரியும். அதையே (க − 2)(க − 3) என்று எழுதினால், எந்த எண்களுக்குக் கோவை பூச்சியமாகும் என்பது தெரியும். எது தேவையோ அதற்கேற்ற உருவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் ஒரு வைத்தியருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உள்ளகப் பயிற்சி வைத்தியராக நான் பிள்ளைகளின் வாட்டில் வேலை செய்த காலம். வாயால் எதுவும் எடுக்க முடியாத பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு சேலைன் ஏற்றுவது என்று நிறையைக் கொண்டு கணக்கிடுவோம். 1957 இல் ஹாலிடே, சீகர் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்த விதி அது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 4 மில்லி லீற்றர், அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 2, அதற்கு மேல் கிலோவுக்கு 1. நிறையை 'நி' என்று வைத்தால்:

4 × 10 + 2 × 10 + (நி − 20) = நி + 40

26 கிலோ பிள்ளைக்கு 40 + 20 + 6 = 66. குறுக்கு வழியில் 26 + 40 = 66. எவ்வளவு இலகு! நிறையோடு நாற்பதைக் கூட்டு, முடிந்தது. வாட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

ஒரு நாள் இரவு, முப்பது மணித்தியாலம் நித்திரை இல்லாத நிலையில், 8 கிலோ நிறையுள்ள ஒரு குழந்தைக்கு நான் 48 என்று எழுதினேன். தாதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "டொக்டர், இந்தக் குழந்தைக்கு இது கூடத் தெரியுதே" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. விதி சரி, கூட்டலும் சரி. பிறகு டீச்சரின் குரல் காதில் கேட்டது. எப்போதும் சமமா, எப்போதாவது சமமா?

அந்த இரண்டு கோவைகளும் சமமாவது 20 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு மட்டுமே. 8 கிலோ குழந்தைக்கு முதல் வரியே போதும்: 4 × 8 = 32. நான் எழுதியது அதைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு நாள் முழுவதும் ஓடியிருந்தால் 384 மில்லி லீற்றர் கூடுதல். ஒரு குழந்தையின் உடம்புக்கு அது எவ்வளவு ஆபத்து என்று இங்கே இருக்கிற தாதிமாருக்குத் தெரியும். எழுதியதை வெட்டித் திருத்தினேன், தாதியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் குழந்தை சுகமாகி வீட்டுக்குப் போனது. குறுக்கு வழியை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். அது எதுவரைக்கும் செல்லும் என்பதையும் சேர்த்துத்தான் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அதே கேள்வியை நான் எங்கள் தோட்டத்துக்கும் கொண்டுபோனேன். 2016 இல் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, நாட்சம்பளம் 730 ரூபாய் என்று எல்லோரும் பேசினார்கள். அடிப்படைச் சம்பளம் 500, விலைக் கொடுப்பனவு 30, வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140. கூட்டினால் 730 தான். வருகைக் கொடுப்பனவுக்கு ஒரு நிபந்தனை, உற்பத்திக் கொடுப்பனவுக்கு இன்னொரு நிபந்தனை. நிபந்தனை நிறைவேறினால் 1, இல்லாவிட்டால் 0 என்று, வருகைக்கு 'வ', உற்பத்திக்கு 'உ' வைத்தால் உண்மையான கோவை இது:

530 + 60வ + 140உ

இது 730 க்குச் சமமாவது வ, உ இரண்டும் 1 ஆக இருக்கும்போது மட்டும். எப்போதாவது சமம்.

2019 இல் அந்த இரண்டு கொடுப்பனவுகளையும் நீக்கி, அடிப்படை 700, விலைக் கொடுப்பனவு 50, மொத்தம் 750 என்று வந்தது. "இருபது ரூபாய்தான் கூடியிருக்கு" என்று ஒரு சாரார் கொதித்தார்கள். "அடிப்படையில இருநூறு கூடியிருக்கே" என்று மற்றவர்கள் சொன்னார்கள். எங்கள் லயத்திலும் பெரிய வாக்குவாதம். நான் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன்:

750 − (530 + 60வ + 140உ) = 220 − 60வ − 140உ

இரண்டு நிபந்தனையும் நிறைவேற்றி வந்த பெண்ணுக்குக் கூடியது 20 ரூபாய். இரண்டும் கிடைக்காமலிருந்த பெண்ணுக்கு 220. இடையில் 80 உம் 160 உம். அடைப்புக்கு வெளியே நிற்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் தொடும். அம்மா மூன்று நிறுவையில் சொன்னதும் அதைத்தான். அந்தக் கடதாசியைப் பார்த்து அம்மா, "அப்ப நல்லா வேல செஞ்சவளுக்குத்தான் கொறச்ச கூடியிருக்கு" என்றார். அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

அன்பானவர்களே, இனித்தான் எனக்குக் கஷ்டமான பகுதி. அந்த டீச்சர் எங்களோடு ஒன்றரை வருடந்தான் இருந்தார். மாற்றலாகிப் போனார். பத்தாம் வகுப்பின் பிற்பகுதியும் பதினோராம் வகுப்பின் பெரும்பகுதியும் எங்களுக்குக் கணித ஆசிரியர் இல்லை. நானும் இன்னும் சிலரும் அவரது கொப்பிகளை வைத்துக்கொண்டு தப்பினோம். 2க + 3 = 5க என்பதைத் தானாகவே தீர்த்த என் தோழி, சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடையவில்லை. மீண்டும் எழுதினாள், மீண்டும் அப்படியே. உயர்தர வகுப்பின் வாசல் அவளுக்குத் திறக்கவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போனாள். எண்ணைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் முதலில் நினைத்தவள் அவள். அந்தப் புத்தி எனக்கு இருக்கவில்லை. நான் வைத்தியரானதற்கும் அவள் ஆகாததற்கும் இடையில் இருந்தது புத்தியின் வித்தியாசம் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். ஓர் ஆசிரியர் இல்லாத ஒன்றரை வருடமே இடையில் இருந்தது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

இங்கே ஆசிரியைகளாக இருக்கும் சகோதரிகளுக்கு: "விடை என்ன?" என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும், "எப்போதும் சமமா, எப்போதாவது சமமா?" என்றும் ஒரு தடவை கேளுங்கள். பிழையான விடை சொல்கிற பிள்ளையிடம், அது எப்போது சரியாகும் என்று தேடச் சொல்லுங்கள். பல பிழைகளுக்குள் ஒரு நல்ல சமன்பாடு ஒளிந்திருக்கிறது.

தாய்மாருக்கு: மகளின் முன்னால் "எனக்கும் கணக்கு வராது" என்று சொல்லாதீர்கள். சீட்டுக் காசும், கடைக் கொப்பியும், கொழுந்து நிறுவையும் கணக்கு வராத கைகளால் நடப்பதில்லை.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் மத்திய கிழக்கிலும் இருக்கிற, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய் அங்கிருந்து இந்த மலரை வாசிக்கப்போகிற எங்கள் மூத்த அக்காமாருக்கும் சங்கத்துக்கும்: நூற்றாண்டு நினைவாக இன்னொரு வளைவு கட்டுவதற்கு முன், சனிக்கிழமைக் கணித வகுப்பு ஒன்றைத் தொடங்குவோம். ஆசிரியர் மாற்றலாகிப் போகிற வருடத்திலும் நிற்காத வகுப்பாக அது இருக்க வேண்டும். தேவை அதிகமில்லை. தூரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பஸ் காசு, பகல் சாப்பாடு, நான்கு தட்டுத் தராசுகள், ஒரு பெட்டி நெருப்புப் பெட்டி. முதல் தராசை நான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மேடைக்குப் பின்னால் இருக்கிறது.

என் தோழியின் மகள் இப்போது இந்தப் பாடசாலையில் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். நேற்று அவளுடைய கொப்பியைப் பார்த்தேன். 3(க − 2) = 3க − 2 என்று எழுதியிருந்தாள். எனக்கு எங்கள் வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்தது. "க வுக்கு ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுப் பாரும்மா" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "ஒன்று போதுமா ஆன்ட்டி, இரண்டு எண் போட வேணுமா?" என்று கேட்டாள். யார் சொல்லித் தந்தது என்றேன். "அம்மா" என்றாள்.

டீச்சர், நீங்கள் எங்கிருந்தாலும், உங்கள் பாடம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.